சந்தனத்துக்கு அடியில் ஏழு எண்கள்

திண்டிவனம்
23-10-1988

மஸ்கட்டில் இருக்கும் என் மகன் தேவநாதனுக்கு அம்மா முனியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் வீட்டுக்காரியும் உன் மகள் பூங்காவனமும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மல்லாட்டை விளைச்சல் இந்த வருஷம் பரவாயில்லை.

உன் கடிதத்தை யாரையும் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். டைப்ரைட்டரை விட்டுத் தொலையுங்கள், கடைக்காரனிடம் வம்பு வேண்டாம், மயிலத்துக்காரர்கள் பெண் கேட்கிறார்கள், தையிலேயே முடித்துவிடலாம் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டாய். இரண்டையும் சேர்த்து எழுதியபோதே உன் மனசு தெரிந்துபோனது.

நடந்ததைக் கேள். மடியில் வைத்து அடிக்கிற அந்தச் சின்ன மெஷின் நீ பில்லோடு வாங்கி வந்ததுதான். அதில் பழகித்தான் பூங்காவனம் டைப்பிங்கில் லோயர் பாஸ் செய்தாள். எழுத்து சிக்குகிறது என்று ஆவணியில் விழுப்புரத்தில் விருத்தாசலம் என்பவனுடைய ரிப்பேர் கடையில் கொடுத்தோம். திரும்ப வாங்கப் போனால், நம் பெட்டிக்குள் எழுத்தெல்லாம் தேய்ந்த வேறொரு கிழட்டு மெஷின். அலமாரியில் இருப்பதுதான் எங்களுடையது என்றேன்.

"ஆயா, அதே கலர்ல நாலு கீது. ஒன் பில்லுல நம்பர் போட்டிருக்குது இல்ல? அத மெஷின்ல காட்டு, எடுத்துக்கினு போ" என்றான். அவனே கவிழ்த்தும் காட்டினான். அடியில் இல்லை, பின்னாலும் இல்லை. மெஷினில் நம்பரே இல்லை என்று பூங்காவனம் உனக்கு எழுதியது அப்போதுதான்.

ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்குச் சந்தனம் வைக்கும்போது என் கை அப்படியே நின்றுவிட்டது. போன இரண்டு வருஷமும் மெஷினுக்கு எங்கே வைத்தேன்? மேலே வைத்தால் தாளில் ஒட்டும் என்று, தாள் சுற்றும் உருளையை ஓரமாகத் தள்ளி, அதன் அடியில் தெரிந்த தகட்டில் அல்லவா அப்பினேன்!

மறுநாள் முதல் பஸ்ஸில் பூங்காவனத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். விருத்தாசலம் வந்தவர்களுக்கெல்லாம் பொரி கொடுத்துக்கொண்டிருந்தான். "இன்னா ஆயா, நம்பர் கெடச்சிதா?" என்று சிரித்தான். அந்த மெஷினை இறக்கச் சொல்லி உருளையைத் தள்ளினேன். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி இருந்தது. ஊக்கால் சுரண்டினேன். எண் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் உரக்கப் படித்தேன், அவள் பில்லைப் பார்த்துக்கொண்டே சரி, சரி என்றாள். ஏழும் ஒத்துப்போனது.

"எத்தினாவது படிச்சிருக்கிற ஆயா?" என்றான். "அஞ்சாவது. நம்பரெல்லாம் ரெண்டாவதுலியே முடிஞ்சிபோச்சி" என்றேன். பொரியை வாங்கவில்லை, மெஷினை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

"நம்பர ஒளிச்சி வெச்சதே நீதான் ஆயா" என்று உன் மகள் திண்டிவனம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். ஒளித்தது நான்தான். கண்டுபிடித்ததும் நான்தான்.

ஹையர் பரீட்சை முடிகிற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று மயிலத்துக்கு நானே சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன்னை எட்டாவதோடு ஏர் பிடிக்க அனுப்புகிறேன் என்ற உன் அப்பாவிடமும் நான் இப்படித்தான் நின்றேன். நீ அப்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

அவளுடைய பரீட்சை விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். தகப்பன் கையெழுத்து வேண்டுமாம். போட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை எதையும் மறைக்காமல் தள்ளித்தான் வைத்திருக்கிறேன். மேல்மலையனூர் அங்காளம்மன் உனக்குத் துணை இருப்பாள். போட்டு அனுப்பு சாமி.

உன் அம்மா
முனியம்மாள்