திவசத்துக்குச் சமையல் மாமி வேண்டாமாம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

சனிக்கிழமை ஆணுறை கிழிந்துவிட்டது. "தெரியாம ஆயிடுத்து, நீ டென்ஷன் ஆகாதே" என்றார் இவர். கரமனை மருந்துக்கடைக்காரருக்கு எங்கள் தெருவையே தெரியும். அதனால் மறுநாள் தம்பானூர் வரை பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கி, அங்கேயே விழுங்கினேன். மாதவிலக்கு கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ வரலாம் என்றாள் கடைப்பெண். இவரிடம் சொல்லவில்லை. ஏனென்று அப்போது எனக்கே தெரியவில்லை.

இந்த மாதக் கடைசியில் மாமனார் திவசம். இன்று சாப்பிடும்போது மாமியார், "சமையல் மாமிய வரவேண்டாம்னு சொல்லிட்டேன் கேட்டியா, இந்தத் தடவை நீயே சமைச்சுடு" என்றார்.

அது நான் அடுக்களைக்குள் போகக்கூடாத நாள். என் நாள்கணக்கு என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைப் பார்த்து மாமியை ஏற்பாடு செய்ததே அவர்தான்.

"அப்போ நான் விலகி இருப்பேனே அம்மா" என்றேன்.

"இந்த மாசம் ஒண்ணும் வராது, பாரு."

இவர் தலை நிமிராமல் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு யார் சொன்னது? அது தானாகத்தான் கிழிந்ததா? அலமாரியில் மீதிப் பாக்கெட்டைத் தேடினேன், காணவில்லை. கேட்டதற்கு "தீர்ந்துடுத்து" என்றார். போன வாரம்தான் வாங்கியது.

பக்கத்தில் நன்றாகத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நாளைக்கு ஆபீஸிலிருந்து சமையல் மாமிக்கு போன் பண்ணி, திவசத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லிவிடப் போகிறேன்.