பொட்டு வைத்த கமரா

களுவாஞ்சிக்குடி
04.10.2025

களுதாவளைப் பிள்ளையார் துணை

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் நம் அரிசி ஆலையும் பிள்ளையார் புண்ணியத்தில் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம், மெல்பேர்ணில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன். சிறுபோக நெல் வந்து குவிந்து கிடக்கிறது, மழைக்கு முன் குற்றி முடிக்க வேண்டும்.

நீ செய்து அனுப்பிய கமராவைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். சுழலும் பெல்ட்டுக்குக் கிட்ட ஒரு கையோ சேலைத் தலைப்போ போனால் தானே கண்டு மெசினை நிறுத்திவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு என்று நீ சொன்னபோது எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்வதை நேரில் பார்த்தால் நாட்கூலிப் பெண்களையும் காப்புறுதியில் சேர்ப்பதாகக் கம்பனி சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். இதுவரை அவர்களில் ஒருத்திக்குக் கை போனால் நட்டஈடு என் மனம் இளகுவதைப் பொறுத்துத்தான். என் மனம் நல்ல மனந்தான், ஆனாலும் அதை ஓர் ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

விஜயதசமிக்கு அடுத்த நாள் காப்புறுதி உத்தியோகத்தர் வந்தார். மெசின் பார்க்கும் ஆதம்பாவா சுவிட்சைப் போட்டார், ஆலை அசையவில்லை. மறுபடி போட்டும் அசையவில்லை. நெல் கொட்டும் புஸ்பம் முதலான பெண்களெல்லாம் சுளகும் கையுமாக நின்று என் முகத்தையே பார்த்தார்கள். ஆதம்பாவா என் காதடியில் வந்து, கமராட வயரைக் கழட்டி நேரடியாக் குடுத்தா ஓடும் அம்மா, அந்தாளுக்கு விளங்கவா போகுது என்றார். அந்த வயரில் கை வைத்தால் நாளைக்கு வேலைக்கு வர வேணாம் என்றேன். பிறகுதான் புஸ்பம் மெல்ல வந்து, நேத்துப் பூசையில எல்லா மெசினுக்கும் பொட்டு வெச்சிட்டு அதுக்கு மட்டும் வைக்காம உட ஏலுமா அம்மா என்றாள். பார்த்தால் கமராவின் கண் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். நீ கண்ணுக்கு மை பூசுறது சரி புள்ள, மெசினுக்குக் கண்ணையே அடைச்சுப்போட்டியே என்று ஆதம்பாவா அவளைப் பகிடி பண்ணினார்.

எல்லாம் கெட்டது என்றிருந்தேன். உத்தியோகத்தர் சந்தனத்தைத் துடைத்து ஆலையை ஓடவிட்டார், பிறகு தன் உள்ளங்கையால் கமராவை மறைத்தார், ஆலை நின்றது. கண் தெரியாட்டி ஓடமாட்டன் எண்டு நிக்குதே, எங்களுக்கு வேற என்ன வேணும் என்று சொல்லி, பெண்கள் எல்லோரையும் காப்புறுதியில் சேர்த்துவிட்டுத்தான் போனார். புஸ்பம் அழுதுவிட்டாள். உன் அப்பா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார், நான் உனக்கு மட்டும் சொல்கிறேன், கெட்டித்தனமான வேலை மகள். ஒரு குறை, அதன் எச்சரிக்கைக் குரல் ஆலைச் சத்தத்தில் கேட்கவில்லை, திருத்து. பொட்டு இப்போது கமராவுக்குக் கீழே சுவரில் இருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழப் பிள்ளையார் அருளட்டும். நீ தலையிடியோடு, எழுத்து மங்கத் தெரிய, விடியும் வரை வேலை செய்கிறாய் என்று மருமகன் சொன்னார். நீ செய்த மெசினுக்கு இருக்கிற புத்தி உனக்கும் இருக்க வேண்டும். கண் டொக்டரிடம் போய்விட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
அன்னப்பூரணி