வாயு மூலைப் பள்ளம்

பிப்ரவரி 19, திங்கள்

பெருமாள்சாமியின் புது பார்ட்டி ஹாலுக்குக் கழிவுநீர் பிளான் போடும் வேலை. ஊர் எல்லை தாண்டிய லேஅவுட், மோரி லைன், அதாவது ஊர்ச் சாக்கடைக் குழாய், இன்னும் வரவில்லை. நூற்றைம்பது பேர் கை கழுவும் தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாம் அந்த சைட்டுக்குள்ளேயே சுத்தமாகி மண்ணில் இறங்க வேண்டும். தொட்டி, ஜல்லி வடிகட்டி, கடைசியில் உறிஞ்சுகுழி. முன்பக்கம் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் வரைந்து கொடுத்தேன்.

மனுஷன் பேப்பரைப் பார்க்கவே இல்லை. “நோயல் சார், கழிவெல்லாம் வாயு மூலையிலதான். வாஸ்துக்காரர் சொல்லிட்டார். மேல பேச்சு பேடா, வேணாம்.”

வாயு மூலை என்றால் வடமேற்கு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் கணேசமூர்த்தி வீட்டு போர்வெல். அவரும் வாஸ்து பார்த்துத்தான் தன் வீட்டு ஈசானியத்தில், வடகிழக்கில் போட்டிருக்கிறார். இவன் வடமேற்கும் அவர் வடகிழக்கும் ஒரே சுவரில் முதுகோடு முதுகு! நடுவில் ஒன்பது அடி. ஐம்பதாவது வேண்டாமா? அந்த வீட்டில் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். இவனுக்கு எங்கே உறைக்கப் போகிறது.

பிப்ரவரி 21

அமலை அறைந்துவிட்டேன்.

பிப்ரவரி 22

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. சைட்டுக்குப் போனால் வாயு மூலையில் ஆறடிப் பள்ளம். மேஸ்திரி அமல் உள்ளே நின்று மண் வாரிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமாக என்னோடு வேலை செய்பவன், என் பிளானை மீறி வெட்டலாமா? மேலே இழுத்துக் கன்னத்தில் விட்டேன். உதடு கிழிந்து ரத்தம். “நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு ஓனர் சொன்னாரு சார்” என்றான். ஓனர் பக்கத்திலேயே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். அறைய வேண்டிய கன்னம் அதுதான்.

வீட்டில் என் மனைவி டோரதி சொன்னாள்: “உங்களுக்குக் கை முன்னால போவுது, புத்தி பின்னால வருது.” தட்டை விட்டெறிந்தேன். சுவரெல்லாம் குழம்பு.

பிப்ரவரி 26

பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, இறங்கும் வேகத்தை அளந்தேன். ஒரு அங்குலம் இறங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “எப்படிக் குடிக்குது பாருங்க மண்ணு!” என்று பெருமாள்சாமிக்கு வாயெல்லாம் பல். அட முட்டாளே, மண் குடித்தால் இவ்வளவு வேகம் வருமா? ஏதோ பிளவு வழியாக ஓடுகிறது. எங்கே போகிறதென்று கண்ணில் காட்டினால்தான் இவன் அடங்குவான்.

அவன் போன பிறகு கடைசி வாளியில் பச்சைச் சாயம் கலந்து ஊற்றினேன். சோதனைக்கென்றே விற்பது, குடித்தாலும் ஒன்றும் ஆகாது. அமல் மட்டும் பார்த்தான். “பின்வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடலாமா சார்?” வேண்டாம் என்றேன். சாயம் அங்கே போகாவிட்டால் நான்தானே கோமாளி?

பிப்ரவரி 28

ஐயோ. எழுதிடறேன்.

காலையில கணேசமூர்த்தி சுவரேறிக் குதிச்சார், கையில கடப்பாரை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி உஷா, பாட்டில் நிறைய பச்சைத் தண்ணியத் தூக்கிக் காட்டிக் கத்துறாங்க. “எம்பொண்ணு இதைக் குடிச்சிட்டாய்யா!” “எவன்டா விஷம் ஊத்துனது?”ன்னு இவர். பெருமாள்சாமி அமலைக் காட்டினான். “பள்ளம் வெட்டுனவன் அவன். அவனைக் கேளு.”

அமல் என்னைப் பார்த்தான். நான்தான் ஊத்துனேன், விஷம் இல்ல — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்தடியிலதான் நின்னேன். வாயே திறக்கல. ஏன்டா திறக்கல நீ?

கடப்பாரை அமலின் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. பள்ளத்தில் சரிந்து கத்தினான்.

அப்புறம் வந்தது எனக்கு வீரம். பெருமாள்சாமியைத் தள்ளி ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். மூக்கு நொறுங்குவது விரலில் தெரிந்தது. நன்றாகவும் இருந்தது. நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள்.

மார்ச் 1

கணேசமூர்த்தியின் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. அமல், தானே பள்ளத்தில் விழுந்ததாக போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மார்ச் 4

ஒன்பது அடி விஷயத்தை பிளானுக்கு அனுமதி தரும் ஆபீசில் சொல்லிவிடுவேன் என்று பெருமாள்சாமிக்கு பயம். மூக்கில் கட்டோடு வந்தான். “வாஸ்துவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். முன்னாலயே வெச்சுத் தொலைங்க.” பள்ளத்தை மூடினோம். ஜெயித்துவிட்டேனாம்.

ஏப்ரல் 20, சனி

கணேசமூர்த்தி வீட்டு வாசலில் நின்று சொன்னேன்: சாயம் ஊற்றியது நான். சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு மோதினார். தலையில் ரத்தம். நான் கை தூக்கவில்லை. மூச்சு வாங்கினார். “இப்ப எங்கிட்ட சொல்லி என்னய்யா? நான் உடைச்சது அந்த ஆள் கையை.” செருப்பை மாட்டிக்கொண்டு என் பைக்கில் ஏறினார்.

ஒக்கலிபுரத்தில் அமல் வீடு. இடது கையால் கதவைத் திறந்தான். வலது கையில் விரல்கள் மடங்கவில்லை, இனி சிமெண்ட் பூசும் கரணை பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“ஊத்துனது நான்னு இவர்கிட்ட சொல்லிட்டேன் அமல்” என்றேன்.

என்னைப் பார்க்கவில்லை. கணேசமூர்த்தியிடம் கேட்டான்: “இப்ப தண்ணி நல்லா இருக்குதா சார்?”

“இருக்குப்பா.”

கதவைச் சாத்திக்கொண்டான்.