எந்த ஜான்?

12-8-1946, திங்கள். மாதுங்கா.

ஆபீஸில் ஸ்காட்லாந்துத் துரை, தன் ஊர் ஃபுட்பால் கிளப்புக்கு இதுவரை இருந்த மானேஜர்களின் பட்டியலை டைப் அடிக்கக் கொடுத்தார். அப்பா பெயர்தானே இனிஷியல் என்று, ஒவ்வொருவருக்கும் பின்னால் இருந்த பெயரை ஓரெழுத்தாக்கி முன்னால் போட்டுவிட்டேன். ஆறு பேரில் நாலு பேர் ஒரே மாதிரி 'எம். ஜான்' ஆகிவிட்டார்கள்.

துரை கத்தவில்லை. "இதில் என் தகப்பனார் எந்த ஜான்?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி அடித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தந்தி வந்தது. படித்து மேஜைமேல் வைத்தேன். மிச்சத்தையும் அடித்து முடித்தேன். இந்தத் தடவை ஒரு தப்பும் இல்லை.

ஹெட் கிளார்க் தந்தியை எடுத்துப் பார்த்தார். "வெங்கடராமன் காலமானார்னு போட்டிருக்கே, யாரு ஓய் அது?"

தந்தியில் என் பெயருக்கு முன்னால் இருந்த 'வி'யைத் தொட்டுக் காட்டினேன்.