மஞ்சள் டேப் ஒட்டிய கடைசி அத்தியாயம்

என் தங்கச்சி மும்தாஜுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கிப் பழக்கம். உன்னிடம் அதைக் கேட்க முடியாது என்பது பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது. ஆகவே கேண்டீன் செய்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்கும் அதுதான் முதலில் வேண்டியிருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் நாவல் விமர்சனம் சொல்லும் உன் வேலையை இப்போது ராதம்மா எடுத்துக்கொண்டிருக்கிறாள். உனக்குப் பின்னால் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றுவாளே, அவள்தான். போன வாரம் ஒரு மர்ம நாவலைத் தூக்கிக் காட்டி, "ரொம்ப நல்லா இருக்குது, கம்பவுண்டர்தான் கொன்னான்னு நான் நெனைக்கவே இல்ல" என்றாள். சோற்றுக் கையோடு பதினைந்து பேர் அவளைத் திட்டினோம். நீ இருந்திருந்தால் அவள் டிபன் பாக்ஸையே பறிமுதல் செய்திருப்பாய்.

நம் கம்பெனி ஆண்டு மலரில் உன்னைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பேய்க் கதை, துப்பறியும் கதை, மாயாஜாலக் கதை, எதுவானாலும் நீ முதலில் படிப்பாய். முடித்ததும் கடைசி அத்தியாயத்தை மட்டும் சேர்த்துப் பிடித்து, காயிலுக்கு ஒட்டும் மஞ்சள் டேப்பில் மிஞ்சிய துண்டை எடுத்து ஓரத்தில் ஒட்டிவிடுவாய். முதல் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கும். டேப்பைப் பிரித்துப் படித்தவள் திரும்ப ஒட்டித்தான் அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். செக்‌ஷன் முழுக்க இதுதான் சட்டம். சூப்பர்வைசர் சொன்னதைக்கூட மறப்போம், இதை மீற மாட்டோம்.

புத்தகம் செக்‌ஷனைச் சுற்றி முடித்ததும் எடுத்துவைத்த உன் சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறாய்: "பேய் உண்டு. ஒன்றா இரண்டா என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கிணறு இருப்பவர்கள் பகலில் படிக்கவும். நாய் சாகாது, பயப்பட வேண்டாம்." இன்னொன்றில்: "ஏழு கதவுள்ள மந்திரக் கோட்டை. ஐந்தாம் கதவு வரைக்கும் கொட்டாவி. ஆறாவதில் தூக்கம் போய்விடும். ஏழாவதைப் பற்றி என்னைக் கேட்காதே." துப்பறியும் கதை ஒன்றுக்கு: "நிபுணர் அளவுக்கு மீறிக் காபி குடிக்கிறார். நடுவில் ஒரு குடை வரும், கவனி. இதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன்."

ஒரு நாள் காலை சானமாவுக் காட்டருகே யானைகள் ரோட்டோரம் நின்று கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டன. டிரைவர் முதல் கடைசி சீட் வரை எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, நீ எழுந்து நின்று ஒரு பேய் நாவலுக்கு விமர்சனம் சொன்னாயாம். யானை நகர்ந்த பிறகும் பஸ்ஸை எடுக்காமல் டிரைவர், "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று திரும்பிப் பார்த்தாராம். "புத்தகத்தை வாங்கிப் படிங்கண்ணா" என்றாயாம். உனக்குக் கொழுப்புதான்.

அந்த நாட்களில் நீ குருபரப்பள்ளியில் நூரக்கா வீட்டில் இருந்தாய். உன் கூடப்பிறந்த ஒரே அக்கா. அத்தாவும் அம்மாவும் போன பிறகு உன்னை வளர்த்தவள். ஹைவே ஓரத்தில் மச்சானும் அவளும் நடத்திய டீக்கடையை எல்லா லாரிக்காரர்களுக்கும் தெரியும். ஒரு நாள் வேலை முடிந்து அங்கே பஸ்ஸை விட்டு இறங்கிய நீ, வடையைச் சுற்றித் தந்த காகிதத்தில் உன் மந்திரக் கோட்டையைப் பார்த்தாய். உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தால் உன் டிரங்குப் பெட்டி மேல் அடுக்கியிருந்த அத்தனை புத்தகமும் கடைக்குப் போயிருந்தது.

"பேய்க் கதை படிக்காத படிக்காதன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வேணும்னே கிழிச்சிட்டாக்கா" என்று அழுதுகொண்டு மறுநாள் ஜூஜுவாடியில் என் அறைக்கு வந்தாய். "அவளா வந்து மன்னிப்பு கேக்கட்டும். அது வரைக்கும் நான் போவ மாட்டன்" என்றாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? ஒன்றரை வருடம் நீ போகவில்லை. அவளும் வரவில்லை.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. கையில் காரணமில்லாமல் நீலம் பூத்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் உன்னைக் கூட்டிப்போனேன். உனக்குத் தெலுங்கு வரும், உருது வரும், கன்னடம் மட்டும் கடைசி வரை வரவே இல்லை. எனக்கோ ஜூஜுவாடியில் வீட்டுக்கார அம்மாவோடு தண்ணீருக்குச் சண்டை போட்டே கன்னடம் வந்துவிட்டது. டாக்டர் காகிதங்களைப் பார்த்து, நிதானமாக, கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். ரத்தத்தில் புற்று. மிஞ்சிப் போனால் ஆறு மாதம்.

"என்னக்கா சொல்றாரு?" என்று என் முகத்தைப் பார்த்தாய்.

"ரத்தம் கம்மியாம் ஏட்டி. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிருமாம்" என்றேன்.

டாக்டருக்குத் தமிழ் புரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அத்திப்பள்ளி தாண்டும்போது பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து கேட்டாய்: "முழுசா சொல்லிட்டியாக்கா? இல்ல, கடைசி சாப்டருக்கு டேப் ஒட்டிட்டியா?"

நான் சிரித்தேன் மும்தாஜ். என்னால் எப்படிச் சிரிக்க முடிந்தது? "எல்லாத்தையும் சொல்லிட்டேன் ஏட்டி, கண்ணை மூடித் தூங்கு" என்றேன். நீ தூங்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஒடம்பு தேறினதும் நூரக்கா கடைக்குப் போவலாம். அவகிட்ட சண்டை போடத் தெம்பு வேணுமில்ல? சண்டை போட்டுட்டு அங்கியே சாப்ட்டுட்டு வரலாம்" என்றாய்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மறுநாளே குருபரப்பள்ளி பஸ்ஸில் உன்னை ஏற்றியிருக்க வேண்டும். நூரக்காவுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே, நீ கொஞ்சம் தெம்பாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். உன் முகம் வாடிப்போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் ஐந்து வாரம்கூட நீ இருக்கவில்லை. மச்சானின் கடைக்கு நான் டெலிபோன் போட்டுச் சொல்லி, நூரக்கா ஓடி வந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. உன் காலைப் பிடித்துக்கொண்டு அவள் கூப்பிட்டது உனக்குக் கேட்டதா?

உன் நாற்பதாம் நாளுக்கு நானும் குருபரப்பள்ளிக்குப் போயிருந்தேன். பாத்திஹா ஓதி முடித்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு நூரக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் டேப் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது செல்வி. எல்லாப் புத்தகத்தையும் டேப் போட்டு ஒட்டி அடுக்கி வெச்சிருந்தா. படிச்சு முடிச்சிட்டா, இனிமே வேணாம்னு மூடிக் கட்டி வெச்சிருக்கான்னு நெனைச்சன். அதான் கடைக்கு எடுத்தன். அன்னிக்கே சொன்னன், அவ நம்பல."

ராதம்மாவுக்குக்கூடத் தெரிந்த நம் சட்டம் உன் சொந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாம் யாரும் அவளிடம் சொன்னதே இல்லையே. மூடி ஒட்டியிருந்தால் வேண்டாத சாமான் என்றுதானே அவள் நினைப்பாள்? அவள் வேண்டுமென்று கிழிக்கவில்லை மும்தாஜ். இந்த ஒன்றை உனக்குச் சொல்லத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பெங்களூர் டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாராமே, ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படிச்சவங்க சொன்னாங்க. சாவப் போறோம்னு தெரிஞ்சும் எங்கிட்ட வரலியே. அவ்ளோ ஆத்திரமா என் மேல?"

அவளுக்குத் தெரியாது, நான்தான் மறைத்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் அவள் என்னை என்ன செய்வாளோ என்ற பயம். மரியாதையாக டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். நீ அவளை வெறுத்துக்கொண்டே போனாய் என்று அவள் அன்றிலிருந்து தினமும் நம்பிக்கொண்டு வடை சுடுகிறாள். அதை நம்பவைத்தது நான்.

உனக்கு நிஜமாகவே தெரியாதா என்றும் சில நாள் யோசிப்பேன். டேப் ஒட்டிட்டியா என்று ஏன் கேட்டாய்? எல்லாக் கதையிலும் முடிவை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுகிறவள் நீ. ஆனால் தேறினதும் போகலாம் என்று சொன்னபோது உன் குரலில் விளையாட்டு இல்லை. நீ போகத்தான் நினைத்தாய். அதைக் கேட்ட ஒரே ஆள் நான்.

இந்த மலர் அச்சாகி வரும். மச்சானோ, கடைக்கு வரும் யாரோ இதை நூரக்காவுக்குப் படித்துக் காட்டுவார்கள். அதற்கு முன்னால் என் வாயால் அவள் கேட்டாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் குருபரப்பள்ளி போகிறேன். முதலில் பெங்களூரில் நான் சொன்ன பொய்யைச் சொல்வேன். அப்புறம் அத்திப்பள்ளியில் நீ சொன்னதை, ஒரு சொல் மாறாமல். அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும், துடைப்பத்தை எடுத்தால் எடுக்கட்டும். நீ சண்டை போட்டுச் சாப்பிட நினைத்த வீட்டில் எனக்குப் பச்சைத் தண்ணீர் கிடைக்காவிட்டாலும் சரி.

உன் தலையணைக்கு அடியில் இருந்த கடைசி நாவலையும் கொண்டுபோகிறேன். சீட்டில் "அக்கா தங்கச்சி கதை. பேயும் உண்டு. நூரக்காவுக்குப் படித்துக் காட்டலாம்" என்று எழுதியிருக்கிறாய். டேப் ஒட்டியபடியே இருக்கிறது. நான் இன்னும் பிரிக்கவில்லை.

அவள் என்னைக் கடைக்குள் உட்காரவிட்டால், முதல் பக்கத்திலிருந்து அவளுக்கு உரக்கப் படிப்பேன். கடைசி அத்தியாயம் வந்ததும் டேப்பை அவள் கையாலேயே பிரிக்கச் சொல்வேன். திரும்ப ஒட்ட மாட்டேன் மும்தாஜ், இது சத்தியம்.

உன் இன்னோர் அக்கா,
செல்வி
ஜூஜுவாடி