அப்பாவுக்கு நான் கொடுத்த பேதி மருந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லா இருக்கணும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் பேசும்போதெல்லாம் உன் சித்தப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அவர் முன்னால் சொல்ல முடியாததை எழுதி, படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி நர்ஸ் பெண்ணிடம் கொடுக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை தையல் மெஷின்மேலேயே தலையைச் சாய்த்துவிட்டார். நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை, காற்றும் பிரியவில்லை, வயிறு கல் மாதிரி, வாந்தி பச்சையாக. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, புற்றுக்கட்டி குடலை அடைத்து அதற்கு மேலே குடல் கிழிந்துபோச்சு, இப்பவே வயித்தைத் திறக்கலைன்னா சாயங்காலம் தாங்காதும்மா, திறந்தாலும் உறுதி சொல்ல முடியாது, கட்டியை எடுக்கிறதுக்கில்லை, உயிரைப் பிடிச்சு வைக்கத்தான் என்றார் டாக்டர். வீட்ல பேதிக்கு ஏதாவது மருந்து கொடுத்தீங்களா, அடைச்சிருக்கும்போது அது குடலைக் கிழிச்சிடும் என்று கேட்டார். இல்லை என்றேன். ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டேன், என் பேரில் ஓர் எழுத்தே விட்டுப்போச்சு.

கொடுத்திருந்தேன் கண்ணு. போன மாதம் புற்று வலிக்குப் போட்ட மாத்திரையால் மலம் கட்டிக்கொண்டபோது இதே ஆஸ்பத்திரியில் கொடுத்த பேதி மருந்து, பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. அப்போது கேட்டதே, இப்போதும் கேட்கும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ராத்திரி இரண்டு மூடி ஊற்றினேன். போதும்டி, உள்ளே யாரோ முறுக்கிப் பிழியிற மாதிரி இருக்கு என்றார். சின்னப் பிள்ளை மாதிரி அழிச்சாட்டியம் பண்ணாதீங்க என்று அதட்டி மூணாவது மூடியும் ஊற்றினேன்.

மலம் வெளியே வர வயிற்றின் பக்கத்தில் வழி வைத்துப் பை மாட்டியிருக்கிறார்கள். நேற்று முன்தினம் கண் திறந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் பை வச்சுத் தைச்சேன், எனக்கு இந்த டாக்டர் வச்சிருக்கான், தையல் சுமார்தான் என்றார். நேற்றிலிருந்து காய்ச்சல், பேச்சில்லை. உள்ளே சீழ் இருக்கலாம், மறுபடி திறக்க வேண்டி வரலாம் என்கிறார்கள். தாளை நீட்டினால் இந்த முறை சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். டாக்டர் என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் அதைவிட, அப்பா கண் விழித்தால் அவரிடம் எப்படிச் சொல்வேன், விழிக்காமலே போனால் யாரிடம் சொல்வேன்.

தீர்க்காயுசாக இரு. வழியில் எதையாவது சாப்பிடு, குழந்தைக்குக் கம்பளி எடுத்துக்கொள். திட்ட வேண்டியதையெல்லாம் நேரில் வந்து திட்டு, போனில் வேண்டாம். வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா