நான் ஓட்டிய ரேடியோ கார்

கோவென்ட்ரி
12-5-1976

அன்புள்ள தில்லைக்கு,

காமாட்சி புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமல் நின்றதா? குழந்தை அபிராமி சரியாகச் சாப்பிடுகிறாளா?

போன ஞாயிறு எங்கள் ஃபோர்மேன் ஹாரி என்னைக் கார் பந்தயத்துக்கு அழைத்துப் போனார். கார் ஒரு முழ நீளம்தான். கையிலுள்ள ரேடியோ பெட்டியால் தூர நின்றே ஓட்டலாம். குடும்பமே சேர்ந்து அதைத் தயார் செய்கிறது. அவர் எஞ்சினைத் துடைத்தார், மனைவி சக்கரத்தில் டயரை ஒட்டினார், மகள் சூசன் பாட்டரி மாற்றினாள். அறுந்திருந்த ஏரியல் கம்பியை நான் முறுக்கி இணைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இரண்டு சுற்று நன்றாக ஓடிய கார், மூன்றாவதில் பாதை ஓரப் பலகையில் மோதி உடைந்தது.

"பரவாயில்ல, எங்கப்பா சரி பண்ணிடுவாரு" என்று சொல்லிவிட்டுச் சூசன் அவரிடம் ஓடினாள். எஞ்சின் புகை பட்டு எனக்குக் கண்ணீர் வந்தது, வேறொன்றுமில்லை.

அபிராமியின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. ஷூ வாங்கப் போனேன், அளவு சொல்லத் தெரியவில்லை.

"அப்பா கிட்ட எப்பம்மா போறோம்னு கேட்டுக்கினே இருக்குது" என்று எழுதியிருந்தாய். நீங்கள் இங்கு வரப் போட்ட மனுவை இந்த முறையும் மறுத்துவிட்டார்கள். இனிப் போட்டும் பயனில்லை என்கிறார் வக்கீல். எனக்கும் இரண்டு வருடம் லீவு கிடையாது. இங்கே படிக்கட்டும் என்று அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தோம். ஜூனில் அங்கே பிள்ளையார்பாளையம் பள்ளியிலேயே சேர்த்துவிடு.

ஷிஃப்டுக்கு நேரமாகிறது. பள்ளியில் பெயர் எழுதும்போது அப்பா எப்போது வருவார் என்று வாத்தியார் கேட்டால், தெரியாது என்றே சொல்.

உன்
பரமசிவம்